டண்டினோங்கில் கறண்ட் போட்டுது

சிட்னி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல். அப்படி ஒரு வெயில். வானத்தில் மேகம் மருந்துக்கும் இல்லை. போதாக்குறைக்கு அன்று ஞாயிற்றுக்கிழமை. சனம் தொப்பியும் துவாயுமாகக் கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. எனக்கோ, இப்போது கூரைகளெல்லாம் மின்சாரத்தைக் கொட்டுமே, இதை யார் இழுக்கப்போகிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இது என் நாடு இல்லை, இந்த வெயிலுக்கு நான் பொறுப்பில்லை என்று நினைவு வரச் சற்று நேரம் பிடித்தது.

என் வேலை அப்படி. இலங்கை முழுவதற்கும் ஓடுகிற மின்சாரத்தைக் கொழும்பில் ஓர் அறையிலிருந்து பார்த்துக்கொள்கிற பொறியியலாளர்களில் நானும் ஒருத்தி. மின்சாரம் பூசணிக்காய் இல்லை, மிஞ்சியதை மூலையில் உருட்டிவைத்து நாளைக்குச் சமைக்க. உண்டாகிற அதே கணத்தில் யாராவது பயன்படுத்தியாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தால் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், அலுவலகங்கள் பூட்டியிருக்கும், கொழும்புச் சனம் ஊருக்குப் போயிருக்கும். கூரைகளில் இருக்கிற சோலார் தகடுகள் மட்டும் லீவு எடுக்காமல் வேலை செய்யும். அப்போது வீட்டுக்காரர்களிடம், தயவுசெய்து பகலில் உங்கள் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று கேட்க வேண்டிவரும். ஒருமுறை அப்படி அறிவித்தல் போனதும் என் சொந்த மச்சாளே தொலைபேசி எடுத்து, "வெயிலை நிப்பாட்டச் சொல்ல நீர் ஆரப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

பகலில் மிஞ்சுவதைப் பெரிய பற்றரிகளில் பிடித்துவைத்து மாலையில் கொடுக்கலாம் என்று எங்கள் பிரிவு ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தது. அதற்குக் கையெழுத்து வைக்க வேண்டியவர் எங்கள் தலைமைப் பொறியியலாளர். காலி நகரப் பக்கத்துச் சிங்களவர். முன்கோபி, ஆனால் நேர்மையான மனிதர். நான் பயிற்சிக்காகச் சிட்னிக்குப் புறப்படும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "அங்கே ஒரு மாநிலம் தடுக்கினால் பக்கத்து மாநிலம் கை கொடுக்கும். எங்களுக்குச் சுற்றிவரக் கடல். கை கொடுக்க மீன்தான் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு துணையும் இல்லாமல் பற்றரி தனியாக நிற்குமா? அதைப் பார்த்துவிட்டு வா. படத்தில் காட்டினார்கள் என்று சொல்லாதே. கண்ணால் பார்த்தேன் என்று சொல், கையெழுத்து வைக்கிறேன்."

அந்த மாத முடிவில் அவருக்கு ஓய்வு. அடுத்து வருகிறவருக்கு டீசல் என்றால் உயிர். பற்றரி என்று நாங்கள் வாயெடுத்தால் கைத்தொலைபேசிச் சார்ஜரைத் தேடுகிற ஆள். ஆகவே இந்தப் பயணத்தில் நான் பார்க்காமல் விட்டால் எங்கள் திட்டம் அலுமாரிக்குள் போய்விடும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மறுநாள் பயிற்சி தொடங்கியது. குளிரூட்டிய அறை, குளிர்ந்த பாண் துண்டுகளுக்குள் குளிர்ந்த கோழி, திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. அதற்கடுத்த நாள் எங்களை வான் வண்டியில் ஏற்றி ஒரு பற்றரி நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். புல்வெளி நடுவே வெள்ளைப் பெட்டிகள் வரிசை வரிசையாக நின்றன. புகை இல்லை, எண்ணெய் நாற்றம் இல்லை. கிட்டப் போனால் மட்டும் மெல்லிய ரீங்காரம் கேட்டது. எங்கள் டீசல் நிலையங்களில் பக்கத்தில் நிற்பவரோடு கதைக்கக் காதுக்குள் கத்த வேண்டும். இங்கே மக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று பெட்டிமேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காத நேரம் பெட்டியைத் தொட்டும் பார்த்தேன். இளஞ்சூடு.

பயிற்சி நடத்திய அம்மையாரிடம் கேட்டேன்: "வெளி இணைப்பைத் துண்டித்து, இது தனியே நிற்கிறதைக் காட்ட முடியுமா?"

"மிகவும் அருமையான கேள்வி" என்றார் அவர். இந்த நாட்டில் அருமையான கேள்வி என்றால் பதில் இல்லை என்று பொருள். "உங்களுக்காக ஒரு நகரத்தை இருட்டாக்க எங்களுக்கு அனுமதி கிடையாதே" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

என் கேள்வி ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். சோலாரோடு வருகிற கருவிகளில் பெரும்பாலானவை பின்பாட்டுக்காரர் மாதிரி. முன்னால் ஒருவர் சுருதி பிடித்துப் பாடினால்தான் சேர்ந்து பாடும். அவர் நிறுத்தினால் இவையும் வாயை மூடிவிடும். எங்கள் நாட்டில் பெரிய இயந்திரம் ஒன்று திடீரென்று நின்றால், கூரைகளில் வெயில் கொட்டிக்கிடந்தாலும் எல்லாம் சேர்ந்து இருண்டுவிடும். பிறகு ஒரு நீர்மின் நிலையத்தை எழுப்பி, அதைக்கொண்டு இன்னொன்றை எழுப்பி, நாட்டைத் துண்டு துண்டாக வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வியர்வை காதுக்குள் ஓடும். தானாகவே சுருதி பிடிக்கிற பற்றரிகள் வந்திருப்பதாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதுகிறார்கள், காட்டுவார்தான் இல்லை.

அன்று மாலை மனம் சரியில்லாமல், தமிழ்க் கடைகள் நிறைந்த பென்டில் ஹில்லுக்குப் புறப்பட்டேன். இடியப்பமும் சொதியும் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ரயிலில் நல்ல இடம் பிடித்து உட்கார்ந்து, பென்டில் ஹில் வருகிறது, வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. நிற்காமல் போனது. நான் ஏறியது விரைவு வண்டி. என் முகத்தைப் பார்த்து எதிரே இருந்த சீனப் பெரியவர், "கவலைப்படாதீர்கள், இந்த வண்டி நிறையப் பேருக்கு இப்படிச் செய்திருக்கிறது, அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்புங்கள்" என்றார். அடுத்த நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். பிளாக்டவுன், அதாவது இருண்ட ஊர். என் தொழிலில் இருக்கிறவளுக்கு இப்படி ஒரு பெயரா என்று மேடையில் தனியே நின்று சிரித்தேன்.

இடியப்பம் கிடைத்தது. கடைக்காரர் சொதி ஊற்ற ஊற்ற, போதும் என்று கையால் மறித்து, "காணும், காணும்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். யாழ்ப்பாணத்து ஆள்தான். "எப்ப வந்தனீங்கள்? நிக்கப்போறீங்களோ, போறீங்களோ?" என்று கேட்டார். போகப்போகிறேன் என்றதும் நம்பாமல் பார்த்தார். "ஒருத்தரும் அப்பிடிச் சொல்றேல்லை" என்றார்.

வியாழக்கிழமை பயிற்சி பாதி நாளோடு முடிந்தது. நேரே கெல்லிவில்லில் கல்பனா வீட்டுக்குப் போனேன். கல்பனா கோயம்புத்தூர்க்காரி, சிட்னியில் மென்பொருள் வேலை. நானும் அவளும் இணையவழி வகுப்பு ஒன்றில் பழக்கமானவர்கள். நேரில் அன்றுதான் பார்க்கிறோம். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தவள், செருப்பைக் கழற்றவும் விடாமல் கைத்தொலைபேசியை நீட்டினாள். பச்சைக்குழந்தைப் படம் காட்டுகிற மாதிரி அவள் காட்டியது தன் கூரையின் சோலார் கணக்கை.

"இப்ப பாருங்க, கூரையில இருந்து வீட்டுக்குப் போகுது, மிச்சம் பாட்டரிக்குப் போகுது. நாங்க துவைக்கறது, பாத்திரம் கழுவறது, சோறு வடிக்கறது எல்லாம் மத்தியானந்தானுங்க. வெயிலு இருக்கறப்பவே முடிச்சுக்கணும்" என்றாள்.

சோபாவில் கிடந்த மகள் தலையை நிமிர்த்தாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: "அம்மாவுக்கு என்னைவிட அந்த ஆப்பைத்தான் பிடிக்கும்."

அரிசிம் பருப்புச் சாதத்தில் நெய் விட்டுச் சாப்பிட்டுக்கொண்டே நான் என் கவலையைச் சொன்னேன். கண்ணால் பார்க்காமல் திரும்ப முடியாது, காட்டுவதற்கு யாரும் தயாரில்லை, மாதம் முடிகிறது. கல்பனா கரண்டியைக் கீழே வைத்தாள். "அட, இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டிருக்கீங்க? என் தம்பி பிரபு மெல்போர்ன்ல இதே வேலைதானுங்க பண்றான்" என்று அந்த இடத்திலேயே தம்பியைக் கூப்பிட்டாள்.

பிரபுவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "உங்க ஊர்க்காரர் ஒருத்தர் இருக்காருங்க்கா. மீன் ஏவாரம். பெரிய கோல்ட் ரூம், கூரை முழுக்க சோலார், நானே பாட்டரி போட்டுக் குடுத்தேன். தனியா நிக்கற டைப்புதான். செக் பண்ணணும்னு நானும் கேட்டுட்டே இருக்கறேன், அண்ணன் விட மாட்டேங்கறாரு. நீங்க ஊர்ப் பாஷையில கேட்டா விடுவாரு. கிளம்பி வாங்க."

அன்று மாலையே விமானத்தில் மெல்பேர்ண் போய் இறங்கினேன். சிட்னியில் சட்டை ஒட்டுகிற வெயில், இங்கே பல் அடிக்கிற காற்று. சிட்னியில் வாங்கிய ரயில் அட்டையைப் பெருமையாக ரயில் நிலையத்து எந்திரத்தில் காட்டினேன். அது திரும்பியும் பார்க்கவில்லை. காவலாளி வந்து, "அது அந்த மாநிலத்து அட்டை, அம்மா" என்று இரக்கத்தோடு சொன்னார். ரயில் அட்டையில் ஒத்துப்போகாத இரண்டு மாநிலங்கள் மின்கம்பியில் கைகோத்து நிற்கின்றனவே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

மெல்பேர்ணின் புறநகரான டண்டினோங்கில் பிரபு காரோடு நின்றான். முப்பது வயதுக்குள் இருக்கும், சதா சிரிப்பு. தான் சொன்ன மீன் வியாபாரி செல்வண்ணையின் கடைக்குக் கூட்டிப்போனான். முன்னால் மீன் கடை, பின்னால் குளிரறை, நடுவில் இயந்திரங்கள் ஓடும் நீளமான நடை. விளைமீன், பாரை, சுறா, கணவாய், கருவாடு என்று ஒரு கடலே உறைந்து கிடந்தது. செல்வண்ணை அறுபது தாண்டிய கட்டைக் குட்டை மனிதர். பருத்தித்துறைக்காரர். நான் விஷயத்தைச் சொன்னதும் கையை விரித்தார்.

"பிள்ளை, எல்லாம் வாற கிழமை விக்கிற சாமான். கறண்டை நிப்பாட்டிப் பாக்க இது என்ன பள்ளிக்கூட ஆய்வுகூடமே? பற்றரி வாங்கின நாளிலை இருந்து கறண்ட் ஒருக்காலும் போகேல்லை. போகாத கறண்டுக்குக் காவல் வைச்சிருக்கிறன் நான்."

கல்லாவில் இருந்த அவர் மனைவி ராணியக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அதுதானே நானும் கேக்கிறன்" என்றார். "உந்தப் பெட்டி வேலை செய்யுதோ இல்லையோ எண்டு ஆருக்குத் தெரியும்? புயலுக்கை கறண்ட் போனாப் பிறகு பாக்கிறதோ? நாளைக்கு வெள்ளிக்கிழமை. எங்கடை சனம் மீன் மச்சம் வாங்காது. கிறிஸ்தவ ஆக்கள் பின்னேரந்தான் வருவினம். காலமை செய்து பாருங்கோ."

செல்வண்ணை உடனே, "சரி, காலமை வாங்கோ" என்றார். அந்தக் கடையில் தலைமைப் பொறியியலாளர் யார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

வெள்ளி காலை ராணியக்கா விடியவே எழும்பி கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய் வந்திருந்தார். வந்தவர் நேரே பின்பக்கம் போய், இரண்டு அலுமாரி அளவு நின்ற பற்றரிப் பெட்டிக்குத் திருநீறு பூசினார். "அக்கா, காத்துப் போற ஓட்டையில அப்பிடாதீங்க!" என்று பிரபு பதறி ஓடினான்.

ஏற்பாடு எளிமையானது. பிரதான ஆளி, அதாவது மெயின் சுவிட்ச், கட்டடத்துக்குப் பின்னால், வெளியே இருந்தது. அதை பிரபு இறக்குவான். நானும் செல்வண்ணையும் உள்ளே, நடையில் குளிர் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நிற்போம். செல்வண்ணை கைத்தொலைபேசியில் பிரபுவோடு இணைப்பில் இருப்பார். "உள்ளே ஏதாச்சும் ஆச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்ணா, அடுத்த செகண்டு மெயினைப் போட்டுடறேன்" என்று பிரபு சொல்லிவிட்டுப் போனான். நல்ல வெயில். கூரை நிறையக் கொடுத்துக்கொண்டிருந்தது. என் கையில் ஒரு மின்மானி, மனதில் எங்கள் தலைமைப் பொறியியலாளரின் முகம்.

"இறக்கட்டுங்களா?" என்று பிரபு கேட்டது தொலைபேசியில் எனக்கும் கேட்டது.

"ஓம், இறக்கு" என்றார் செல்வண்ணை.

விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. நின்றது. இயந்திரங்கள் ஓடின. நான் மூச்சை விடப் போனேன். அந்த நேரம் பார்த்து மூலையில் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. விளக்கு மங்கியது. பற்றரிப் பெட்டியில் படார் என்று ஒரு சத்தம். எல்லாம் போய்விட்டது. விளக்கு போனது, இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டு ஓய்ந்தன. ஜன்னல் இல்லாத நடை. கும்மிருட்டு.

செல்வண்ணை தொலைபேசியில் கத்தினார்: "கறண்ட் போட்டுது! தம்பி, கறண்ட் போட்டுது!"

மறுமுனையில் பிரபுவின் சந்தோஷக் குரல்: "போட்டுருச்சா! சூப்பருங்ணா! நான் அப்பவே சொன்னன்ல!" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தான்.

ஒரு கணம் எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எனக்குப் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் போட்டுது என்றால் போய்விட்டது என்று பொருள். பஸ் போட்டுது என்றால் பஸ்ஸைத் தவறவிட்டோம். ஆள் போட்டார் என்றால் ஆள் கிளம்பிவிட்டார். கோயம்புத்தூரிலோ கரண்ட்டைப் போடுவது என்றால் விளக்கை எரிய வைப்பது. இருட்டு வந்துவிட்டது என்று செல்வண்ணை தொண்டை கிழியக் கத்த, வெளிச்சம் வந்துவிட்டது என்று பிரபு அகமகிழ்ந்திருக்கிறான். ஒரே மொழி பேசுகிற இரண்டு பேர்.

"அடுத்த செகண்டு எண்டவன், எங்கை?" என்று செல்வண்ணை பல்லைக் கடித்தார். திரும்ப எடுத்தார். பிரபு வேறு அழைப்பில் இருந்தான். நல்ல செய்தியை அக்காவுக்குச் சொல்ல கெல்லிவில்லுக்கு எடுத்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. என் தொலைபேசி கல்லாவில் கைப்பைக்குள் கிடந்தது; வெளிச்சம் காட்ட வழியில்லாமல், வெளியே ஓடுவோம் என்று நான் இருட்டில் காலை வைத்தேன். ஐஸ் பெட்டி ஒன்றில் தடுக்கி, சறுக்கி, செல்வண்ணையின் தோளைப் பிடித்துத் தொங்கினேன். "விழுந்து கையை முறிச்சால் உங்கடை அரசாங்கத்துக்கு நானே பதில் சொல்றது? நில்லுங்கோ பிள்ளை!" என்று அவர் அதட்டினார்.

நின்றேன். அந்த இருட்டில் நின்றதை என்னால் மறக்க முடியாது. குளிர் கணுக்காலில் ஏறியது, மீன் நாற்றம் மூக்கில் ஏறியது. முடிந்தது என்று நினைத்தேன். கண்ணால் பார்க்கச் சொன்னார், பார்த்தாயிற்று. பற்றரி தனியாக நிற்கவில்லை, விழுந்தது. அடுத்த சித்திரைக்கும் மச்சாள் கேட்பாள், நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். வரிசையாக டீசல் நிலையங்கள் வரும். செல்வண்ணை பக்கத்தில் மெதுவாக முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பாரை மீனுக்காக.

டக்.

பற்றரிப் பெட்டிக்குள் ஒரு சின்னச் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு விளக்கு எரிந்தது. மங்கல் இல்லை, நடுக்கம் இல்லை. இன்னும் சற்றுப் பொறுத்து முதல் இயந்திரம் கிளம்பியது. அது நிதானத்துக்கு வந்த பிறகு இரண்டாவது. பிறகு மற்றது. எல்லோரும் ஒரே கதவால் முண்டியடிக்காமல் வரிசையில் வருகிற மாதிரி.

"அப்பாடா, கடைசியிலை போட்டான்" என்றார் செல்வண்ணை. இம்முறை இரண்டு ஊர்ப் பொருளும் ஒன்றுதான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பின்கதவைத் திறந்து வெளியே ஓடினேன். பிரபு சுவரில் சாய்ந்து, ராணியக்கா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, தொலைபேசியில் அக்காவோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"மெயினைப் போட இவ்வளவு நேரமா?" என்று கத்தினேன்.

அவன் கோப்பையை இறக்கினான். "நான் எங்க போட்டேன்க்கா? நீங்கதான போட்டுருச்சுன்னீங்க. நான் தொடவே இல்லையே."

ஆளியைப் பார்த்தேன். இறங்கியபடியே இருந்தது.

ஆளியைப் பார்த்தேன், கதவு வழியே உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்தேன், திரும்ப ஆளியைப் பார்த்தேன். பிறகு ஊளையிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிரபுவின் தோளைப் பிடித்து உலுக்கினேன், தேநீர் அவன் சட்டையில் கொட்டியது. வெளியிலிருந்து ஒரு துளி மின்சாரம் இல்லாமல், செத்துக் கிடந்த கடையைப் பற்றரி தானாகவே எழுப்பியிருக்கிறது! நாங்கள் ஓர் அறை நிறையப் பேர் வியர்த்து விறுவிறுத்துச் செய்கிற வேலையை, திருநீறு பூசிய இரண்டு அலுமாரிகள் யாரும் சொல்லாமல் செய்து முடித்திருக்கின்றன!

பிரபு தன் தொலைபேசித் திரையில் பற்றரியின் பதிவைத் தட்டிப் பார்த்தான். நடந்தது முழுக்க அதில் இருந்தது. பளு தாங்காமல் விழுந்திருக்கிறது. காத்திருந்து தானாகவே சுருதி பிடித்திருக்கிறது. கூரைச் சோலார் அது உறுதியானதுதானா என்று கொஞ்சம் நோட்டம் பார்த்துவிட்டு, பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. செல்வண்ணையின் குரலை அவன் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால், சொன்ன சொல்லைக் காப்பாற்றி அடுத்த நொடியே ஆளியை ஏற்றியிருப்பான். விழுந்ததை மட்டும் பார்த்துவிட்டு நான் கொழும்புக்குத் திரும்பியிருப்பேன்.

"ஆனா ஏன் விழுந்துச்சு? நான் கணக்குப் போட்டுத்தான வெச்சேன்" என்று பிரபு தலையைச் சொறிந்தான். "அண்ணா, உள்ளே புதுசா எதாச்சும் சொருகியிருக்கீங்களா?"

என் பின்னாலேயே வெளியே வந்திருந்த செல்வண்ணை கூரையைப் பார்த்தார். "ஒரு சின்ன ஃப்ரீசர் தம்பி. கணவாய்க்கு."

பிரபு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "சின்னதாங்ணா? உள்ளே ஒரு மாட்டையே கட்டலாம்!"

மூலையில் உறுமிக் கிளம்பியது அதுதான். மற்றவையெல்லாம் முழு வேகத்தில் ஓடும்போது அதுவும் சேர்ந்து இழுத்ததால் விழுந்தது. இரண்டாம் முறை ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் அதே பெட்டி அதே கணவாயையும் சேர்த்துத் தாங்கியது. தாளில் இதை ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது மீன் கடையில்தான்.

மத்தியானம் வரை ஆளியை ஏற்ற நான் விடவில்லை. ராணியக்கா கடைக்குப் பின்னால் இருந்த குசினியில் மின்னடுப்பைப் போட்டார். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளப் பொரியல். எல்லாம் அன்று காலை கூரையில் விழுந்த வெயில். மீன் கடைக்குள் உட்கார்ந்து நாங்கள் நாலு பேரும் சைவச் சாப்பாடு சாப்பிட்டோம். "இவ்வளவு நாளும் இது வேலை செய்யாதெண்டு நினைச்சுக்கொண்டு ஒருநாளும் நித்திரை கொள்ளேல்லை" என்று செல்வண்ணை மெதுவாகச் சொன்னார். "இண்டைக்குப் படுப்பன்." ராணியக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி பால்கறி விட்டார்.

சாப்பிட்டதும் பின்பக்கம் போய் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே காலை வேலை தொடங்கியிருக்கும். தலைமைப் பொறியியலாளர் சுகம் விசாரிக்கவில்லை. சிங்களத்தில் நேரே கேட்டார்.

"பார்த்தாயா?"

"பார்த்தேன், சேர்."

"தனியாக நின்றதா?"

நின்றது என்று சொல்லிவிடலாம். இப்போது நின்றுகொண்டுதானே இருக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு சொல்லில் வேலை முடியும். ஆனால் நாளைக்கு இதே பெட்டிகளை நம்பி நாட்டை ஓட்டப்போகிற அறையில் உட்காரப்போவது நான்தான்.

"இல்லை, சேர்" என்றேன். "விழுந்தது."

மறுமுனையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"விழுந்து, பிறகு தானாகவே எழும்பியது. வெளி இணைப்பு இல்லை. முழு இருட்டிலிருந்து எழும்பியது. முதலில் விளக்கு, பிறகு இயந்திரங்கள், ஒவ்வொன்றாக. நான் பக்கத்திலேயே நின்றேன்."

"யார் எழுப்பியது?"

"ஒருவரும் இல்லை, சேர். எழுப்ப வேண்டியவர் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாடு இருண்ட நாட்களில் மேசைக்கு முன்னால் சட்டை நனைய நின்று, நிலையம் நிலையமாகக் கூப்பிட்டு, கெஞ்சி, திட்டி, எழுப்பிய மனிதர். "நின்றது என்று நீ சொல்லியிருந்தால் இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன்" என்றார். "எல்லாம் ஒருநாள் விழும். எழும்புமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது."

பிறகு அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் யாரிடமோ, "அந்தப் பற்றரித் திட்டத்துக் கோப்பை எடுத்து வா, என் பேனையையும்" என்று சொல்வது கேட்டது. நான் அங்கே கிடந்த வெறும் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, நல்ல வெயிலில் அழுதேன்.